வருந்தும் பொறுப்பு

லிஃப்ட் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் முதன்முறையாக எழுத்தில் வருத்தம் தெரிவித்த நாளில், அந்த அறிவிப்பை எழுதிய பெண் காலை பத்து நாற்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை அழுதாள். அழுவதற்கு அவளுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது, மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, முந்தின வாரம்தான் புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் நான்கு நாள் நின்றுபோனதற்கு, "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதி, தட்டச்சு செய்து, இடது மூலையில் "தயாரித்தவர்" என்ற கட்டத்தில் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டாள். வலது மூலையில் பொது மேலாளர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். குண்டூசி அண்ணன் என்று எல்லோரும் அழைத்த அலுவலக உதவியாளர் அதைக் கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகையில் குத்திய நொடியில் இரண்டாம் மாடியில் அவளுக்குக் கண் நிறைந்தது. மாலையில் அவர் அதை எடுத்தபோது நின்றது. கையெழுத்திட்ட பொது மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அன்று வழக்கம்போல் இரண்டு முறை தேநீர் குடித்தார்.

இதைப் புரிந்துகொள்ள அலுவலகத்துக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. முதலில் கண்நோய் என்றார்கள், பிறகு காதல் தோல்வி என்றார்கள், கொள்முதல் பிரிவில் இருந்த இரண்டு பேர் அதற்குரிய ஆளையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் புதிய கிளை திறப்பதைப் "பெருமகிழ்ச்சியுடன்" அறிவித்த நாளில் அவள் மேசையில் கவிழ்ந்து விலா வலிக்கச் சிரித்ததையும், "பெருமிதம் கொள்கிறோம்" என்று விளம்பரம் வந்த நாளில் பேருந்து நிறுத்தத்தில் யாரையும் பார்க்காமல் முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றதையும் பார்த்த பிறகு விஷயம் தெளிவானது. நிறுவனம் எழுத்தில் வருந்தியது, மகிழ்ந்தது, நன்றி பாராட்டியது. அவற்றை உணர்வதற்கென்று அந்தக் கட்டடத்தில் யாரையும் நியமிக்கவில்லை. ஆகவே அவை தயாரித்தவர்மேல் இறங்கின. பலகையில் குத்திய அறிவிப்பு என்றால் எடுக்கும்வரை, செய்தித்தாள் விளம்பரம் என்றால் அந்த ஒரு நாள், கடிதம் என்றால் பெறுபவர் பிரித்துப் படிக்கும்வரை. அலுவலகம் இதை ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளி வைப்பதைப் போல ஏற்றுக்கொண்டது. அவள் இருக்கையை ஜன்னலோரம் மாற்றினார்கள். எழுதுபொருள் கோரிக்கைப் படிவத்தில் கோப்புக் கயிறுக்கும் பசை டப்பாவுக்கும் நடுவில் "கைக்குட்டை, ஒரு டஜன்" என்று ஒரு வரி சேர்ந்தது.

மெக்கானிக்குகள் அவளை நோட்டீஸ் அக்கா என்றார்கள். எழுத்தில் அவள் கெட்டிக்காரி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்றாம் ஆண்டில் வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை அழைத்து நாற்பது பக்கத்தில் நடைக் கையேடு ஒன்றைத் தயாரித்தார்கள். சாம்பல் நிற அட்டை. யாரிடம் எந்தக் குரலில் பேச வேண்டும், எந்த அளவுக்கு நெருங்கலாம், எங்கே "நாம்", எங்கே "நிர்வாகம்" என்பதெல்லாம் அதில் இருந்தது. வருத்தத்துக்கு மட்டும் ஐந்து படிகள். ஒரு மணி நேரத் தடங்கலுக்குப் "பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்", ஒரு நாளுக்கு "வருந்துகிறோம்", ஊழியர் வீட்டுத் துக்கத்துக்கு "வருத்தம் தெரிவிக்கிறோம்", அதிகாரிகள் வீட்டுக்கு "மிகுந்த வருத்தம்", இயக்குநர்கள் குடும்பத்துக்கு "ஆழ்ந்த வருத்தம்". ஒரே செய்தியை மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொல்வதில்தான் அவள் திறமை வெளிப்பட்டது. பராமரிப்புக் கட்டணம் ஏறியபோது வாடிக்கையாளர்களுக்குப் பணிவாகவும், முகவர்களுக்கு உற்சாகமாகவும், ஊழியர்களுக்குக் கண்டிப்பாகவும் எழுதினாள். மூன்றும் ஒரே மதியத்தில் வெளியாயின. அவள் உணவகப் பெண்மணிக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தாள், தட்டைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், பிறகு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்த கைகழுவும் குழாயைப் பார்த்து, "இது உனக்குக் கடைசி எச்சரிக்கை" என்றாள். வரிசையில் நின்றவர்கள் அவரவர் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவள் கல்யாணம் கட்டடத்துக்கு வெள்ளையடித்ததால் நடந்தது. பலகையைக் கழற்றி இரண்டு நாள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் விளம்பரம் இல்லை, போன கடிதங்களை எல்லாம் படித்துவிட்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதன்முறையாக அவள் தன் சொந்த மனத்தோடு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது கிரீஸ் கையோடு ஒரு சர்வீஸ் மெக்கானிக் வந்து, தன் பழுது அறிக்கையில் எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி கேட்டான். அவன் எழுதியிருந்தது ஐந்து வரி, அதில் பதினாறு பிழை. அவள் சிரித்தாள். சிரித்த பிறகு, இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தாள். பலகை காலியாகச் சுவரில் சாய்ந்திருந்தது. மறுநாளும் அவன் வந்தான். மூன்றாம் நாள் பலகையை மாட்டுவதற்குள் இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். "நல்ல நேரம் பாத்து வெள்ளையடிச்சாங்க, இல்லேன்னா என்னப் பாத்து நீ வருந்தியிருப்ப" என்று அவன் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் நல்ல கணவன். வீட்டுக்கு வந்ததும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டோடதா, கம்பெனியோடதா?" என்று கேட்பான். கம்பெனியோடது என்றால் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு பேசாமல் அருகில் உட்கார்ந்துகொள்வான். நம்ம வீட்டோடது என்றால் காரணம் கேட்பான். அவர்களுக்கு மகள் பிறந்த அன்று ஒழுங்கு நடவடிக்கை பற்றிய சுற்றறிக்கை பலகையில் இருந்ததால், அவள் பிள்ளையைத் தாமதமாக வந்த ஊழியரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். செவிலி குழந்தையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். மெக்கானிக் வராந்தாவுக்கு ஓடிப்போய்த் தொலைபேசியில் அழைத்தான். குண்டூசி அண்ணன் கண்ணாடி துடைப்பதாகச் சொல்லி அந்தச் சுற்றறிக்கையைப் பத்து நிமிடம் எடுத்து வைத்தார். அந்தப் பத்து நிமிடத்தில் அவள் மகளின் காதையும், விரல்களையும், உச்சியில் ஈரமாக ஒட்டியிருந்த முடியையும் பார்த்து முடித்தாள்.

கையேடு வந்த பிறகு மெக்கானிக்குகளின் அறிக்கைகள் நேராக வாடிக்கையாளருக்குப் போவதில்லை. அவை முதலில் இரண்டாம் மாடிக்கு வரும். அவள் அவற்றை நிறுவனத்தின் குரலுக்கு மாற்றுவாள். வாடிக்கையாளருக்குத் திகில் தரும் சொல் எதுவும் இருக்கக் கூடாது என்று கையேட்டின் ஒன்பதாம் பக்கம் சொன்னது. மகளுக்கு எட்டு வயது நடந்தபோது, ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றைப் பற்றி அவள் கணவனின் அறிக்கை வந்தது. "பிரேக் சுத்தமா தேஞ்சு போச்சு. மாத்தலன்னா யாராச்சும் சாவாங்க" என்று எழுதியிருந்தான். அதில் ஒரு பிழைகூட இல்லை, அவ்வளவு கவனமாக எழுதியிருந்தான். அவள் அதை, "பிரேக் பகுதியில் இயல்பான தேய்மானம் காணப்படுகிறது. அடுத்த பராமரிப்பின்போது கவனிக்கலாம்" என்று மாற்றினாள். மற்ற நூறு அறிக்கைகளுக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்தாள். மாற்றிக்கொண்டிருக்கும்போது தேய்மானம் என்ற சொல் அழகாக இருப்பதாகவும் நினைத்தாள்.

அந்தக் கட்டடத்தின் நிர்வாகி கடிதத்தைப் பிரிக்காமல் ஐந்து நாள் மேசையில் வைத்திருந்தார். ஐந்து நாளும் அவள் நிதானமாக இருந்தாள். கடிதத்தின் நகலைப் பார்த்துவிட்டு மெக்கானிக் சமையலறையில் நின்று கத்தினான். "நான் சாவுன்னு எழுதுனா நீ தேய்மானம்னு எழுதுவியா? அவன் இனி எப்பிடிடி மாத்துவான்?" அவள், "உரிய காலத்தில் கவனிப்பாங்க, பதற வேண்டியதில்லை" என்றாள். அவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, பிறகு கையை எடுத்துக்கொண்டான். "போ. உங்கிட்டப் பேசி என்ன? இது நீ இல்ல, லெட்டர்" என்றான். ஆறாம் நாள் நிர்வாகி கடிதத்தைப் படித்தார். அவளுக்கு நிதானம் போய்ப் பயம் வந்தது. திருத்தக் கடிதம் அனுப்ப அனுமதி கேட்டுப் பொது மேலாளருக்குக் குறிப்பு எழுதினாள். அவர் அதன்மேல் "பரிசீலிக்கலாம்" என்று எழுதினார். ஒன்பதாம் நாள் முற்பகலில், அதே கட்டடத்தின் லிஃப்ட் பாதையின் அடிக்குழியில் மெக்கானிக் வேலை செய்துகொண்டிருந்தபோது மேலே நிறுத்தியிருந்த கூண்டு தானாக இறங்கியது.

மருத்துவமனை வராந்தாவில் அவள் அழுதாள். அது அவளுடைய சொந்த அழுகை. அங்கே இருந்தவர்கள் கணக்குப்படி ஏறத்தாழ நாற்பது நிமிடம். மகளை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம் முடிந்தபோது ஒரு மூச்சின் நடுவிலேயே அழுகை நின்றது. முதுகு நிமிர்ந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் நின்ற மருத்துவரின் கையைக் குலுக்கி, "எல்லாம் சரியாக நடக்கும் என்பதில் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது" என்றாள். உள்ளே கணவன் இறந்து அப்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். சட்ட ஆலோசகர் செய்தி கேட்டதும் அலுவலகத்துக்கு வந்து கோப்புகளைத் தேடினார். கையேடு வந்த புதிதில், பயிற்சிக்காக, எந்த விபத்துக்கும் பொருந்தும்படி அவள் ஓர் அறிக்கை தயாரித்து வைத்திருந்தாள். தேதி, இடம், நபர்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் புள்ளிக்கோடு விட்டிருந்தாள். "எங்கள் பாதுகாப்பு முறைகளில் முழு நம்பிக்கையுடன் இருக்கிறோம்" என்று அது முடிந்தது. வருத்தம் என்ற சொல் அதில் எங்கும் கிடையாது. சட்ட ஆலோசகர் அந்தச் சொல் இல்லாததை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு புள்ளிக்கோடுகளை நிரப்பி, நபர்களின் எண்ணிக்கை "ஒன்று" என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, தானே கீழே போய்ப் பலகையில் குத்தி, கண்ணாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தயாரித்தவர் கட்டத்தில் அவள் முதலெழுத்து பதினொரு ஆண்டுப் பழைய மையில் இருந்தது.

இறுதி ஊர்வலத்தில் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். வந்தவர்களை வரவேற்றாள், வண்டி ஏற்பாடுகளை மேற்பார்வையிட்டாள், இருக்கை போதாத இடத்தில் இருக்கை போடச் சொன்னாள். மெக்கானிக்கின் அக்கா அவள் எதிரில் வந்து நின்று, "என் தம்பியப் பறிகொடுத்துட்டு நிக்கிறியா, கூட்டம் நடத்துறியாடி? ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விடக் கூடாதா?" என்று கேட்டாள். அவள் நாத்தனாரின் தோளைத் தட்டி, "உங்க ஒத்துழைப்புக்கு நன்றி அண்ணி" என்றாள். அன்றோடு அந்த வீட்டுப் பேச்சுவார்த்தை அறுந்தது. மகள் மட்டும் அம்மாவின் முழங்கைக்குக் கீழே நின்று இருவருக்குமாகச் சேர்த்து அழுதாள்.

ஆறாம் நாள் வேலைக்குப் போனவுடன் அவள் சட்ட ஆலோசகரின் அறைக்குத்தான் போனாள். சாவி கேட்டாள். ஒரு மணி நேரம் போதும் என்றாள். அவர் கெட்டவர் இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். "எடுத்தா நாமளே நம்பல, ஒத்துக்கிட்டோம்னு ஆயிடும்மா. கேஸ் முடியிற வரைக்கும் அது அங்கதான் இருக்கணும். உங்க கேஸும் சேத்துத்தான் சொல்றேன்." அவளும் கட்டட நிர்வாகமும் நிறுவனமும் ஒருவர்மேல் ஒருவர் தொடுத்த வழக்கு ஆறு ஆண்டு நடந்தது. அந்த ஆறு ஆண்டில் அவள் வீட்டில் உட்கார்ந்து தானே ஒரு வருத்தம் எழுதி, முதலெழுத்தும் போட்டு, அலமாரிக் கதவில் குத்திப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. முத்திரை இல்லாமல் அது வெறும் காகிதம். நிறுவனத்தின் நம்பிக்கையோடு அவள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள், மகளைப் பள்ளி மாற்றினாள், வீட்டுக்காரரிடம் வாதாடிக் கூரை ஒழுக்கைச் சரிசெய்ய வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் காட்டித் தங்கள் மருமகள்களுக்குப் புத்தி சொன்னார்கள். பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டவர்கள் நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அவளும் தினம் ஒருமுறை கணவனின் பெயரை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மகள் பதினொரு வயதில், "அப்பாவ நெனச்சா உனக்கு ஒண்ணுமே ஆகாதாம்மா?" என்று கேட்டாள். "ஆகும்டி. இன்னும் வரல" என்றாள் அவள்.

சமரசம் பேச அழைத்தபோது அவளிடம் ஒரே ஒரு கோரிக்கைதான் இருந்தது. நிறுவனம் தன் கணவனின் மரணத்துக்கு எழுத்தில் வருந்த வேண்டும். அதுவும் "ஆழ்ந்த" என்ற சொல்லோடு. பலகையில் மூன்று நாள் இருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயார் என்றாள். அவளுடைய வழக்கறிஞர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "ஒரு வரிக்காகவா?" "ஒரு வரிதான் சார். ஆனா ஆழ்ந்தன்னு இருக்கணும். வெறும் வருத்தம்னா எனக்குப் பத்தாது." இயக்குநர் குடும்பத்துக்கு மட்டுமே உரிய சொல்லை ஒரு மெக்கானிக்குக்குத் தருவதா என்று நிர்வாகக் குழு இரண்டு கூட்டத்தில் விவாதித்து, ஒருமுறை மட்டும் என்ற நிபந்தனையோடு கையேட்டைத் திருத்தியது. அவள் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். மகளிடம், "நான் ரொம்ப அழுவேன். பயப்படாத. சத்தமாக்கூட இருக்கும். பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். கைக்குட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள்.

ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவர் அந்த வழக்கு சம்பந்தமான எதையும் தயாரிக்கக் கூடாது என்பது விதி. அதனால் சமரசப் பேச்சு தொடங்கிய உடனே, இரண்டு மாதத்துக்கு முன்பே, அவளைக் கோப்புப் பிரிவுக்கு மாற்றி, செய்தித்தாள் ஒன்றில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த, நாற்பது தாண்டிய, வழுக்கை விழுந்த ஒருவரை எழுத்துப் பணிக்கு எடுத்திருந்தார்கள். சட்ட ஆலோசகர் யோசிக்கவில்லை, அவர் வேலை வாசகத்தோடு முடிந்தது. பொது மேலாளர் யோசிக்கவில்லை, அவருக்கு எதுவும் ஆனதே இல்லை. இருபது ஆண்டாக அந்தக் கட்டத்தில் முதலெழுத்துப் போட்டவளுக்கே தோன்றவில்லை. அந்த வருத்தம் தன்னுடையது என்று அவள் அவ்வளவு உறுதியாக இருந்தாள்.

காலை பத்து மணிக்குச் சட்ட ஆலோசகர் பூட்டைத் திறந்து, ஓரம் மஞ்சளாகிப்போன நம்பிக்கை அறிக்கையை எடுத்தார். பலகைக்கு எதிரில் நின்ற அவளுக்கு முதுகு தளர்ந்தது, முழங்கால் வலி தெரிந்தது, பசித்தது. ஆறு ஆண்டாகத் தெரியாத சின்னச் சின்ன விஷயங்கள் எல்லாம் வந்தன. குண்டூசி அண்ணன் புதிய அறிவிப்பைக் குத்தினார். "எங்கள் சர்வீஸ் மெக்கானிக்கின் மரணத்துக்கு நிறுவனம் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது." அவள் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மகள் அவள் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டாள். ஒரு நிமிடம் ஆனது. குண்டூசி அண்ணன் அவளைப் பார்க்காமல் குண்டூசிப் பெட்டியை மூடித் திறந்து மூடினார். அப்போது இரண்டாம் மாடியில் நாற்காலி விழும் சத்தமும், அதன் பிறகு ஓர் ஆணின் அழுகையும் கேட்டன.

அவள் மேலே போனபோது புதியவர் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி ஒரு பக்கம் கிடந்தது. அவள் நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தாள். "என்னங்க தெரியுது?" என்று கேட்டாள். அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். "அவர நான் பாத்ததுகூட இல்லக்கா. ஆனா கை தெரியுது. நகத்துக்குள்ள கருப்பா கிரீஸ். பக்கத்துல உக்காந்து ஒண்ணும் கேக்காம சாப்புடுறார். அக்கா, அவரு தெளிவாத்தான் எழுதியிருந்தார். நான்தான் மாத்திட்டேன்." "நீங்க இல்ல தம்பி. அது நான்." "தெரியும். தெரிஞ்சும் எனக்குத்தான் வலிக்குது, நான் என்ன பண்ண?" அவர் தலையைச் சுவரில் முட்டப்போனார். அவள் கையை நடுவில் வைத்தாள். பிறகு தான் கொண்டுவந்த கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் அழுவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். சரியாக அழுகிறார் என்று தோன்றியது. எதையும் விடவில்லை. அவள் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தபோது அங்கே பசியும், அவர்மேல் கொஞ்சம் பொறாமையும் இருந்தன.

மறுநாள் அவர் மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். கணவர் இரவெல்லாம் தூங்கவில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை, சின்னவன் அப்பா பக்கத்தில் போகவே பயப்படுகிறான் என்றாள். "யாரு செத்தாங்கன்னு கேட்டா அழுறார்க்கா. சொந்தமான்னு கேட்டா இன்னும் அழுறார். இன்னும் எத்தன நாளைக்கு?" ஒப்பந்தப்படி இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. அதை வாங்குவதற்காக அவள் விட்டுக்கொடுத்தவை கொஞ்சமல்ல. உலகத்தில் அவள் கணவனுக்காக நியாயமான அளவில் அழ அந்த ஒரு மனிதர்தான் இருந்தார். அவர் நிறுத்திவிட்டால் அப்புறம் யாரும் இல்லை. அவள் சின்னவனைப் பார்த்தாள். அவன் அம்மாவின் துணிக்குப் பின்னால் நின்று, ஒரு கண்ணால் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கீழே போய்த் தன் கையாலேயே ஊசியைப் பிடுங்கி, காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மேலே சத்தம் நின்றது. மாலைக்குள் அந்த மனிதர் எழுதிய மழைக்காலச் சலுகை அறிவிப்பு பலகையில் ஏறியிருந்தது, அவர் லேசாகச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்.

அவளுடைய சொந்த வருத்தம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். குழாயில் தண்ணீர் திரும்ப வருவதற்கு முன் காற்று சீறுவதைப் போல அது முதலில் கோபமாக வரும் என்று ஒரு மருத்துவர் விளக்கினார். கோபம் வந்தது, அது பேருந்து தாமதமானதற்காக வந்தது. ஓராண்டு கழித்து, கணவன் இறந்த அதே தேதியில், முற்பகலில், அவள் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படுக்கையறைச் சுவரில் குத்திப் பார்த்தாள். சும்மாதான் குத்தினாள். அரை நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. "அக்கா," என்றது தழுதழுத்த குரல், "மாட்டிட்டீங்களா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நான் பஸ்ல இருக்கேன்." அவள் பதறிப்போய் உடனே எடுத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டாள். மறுமுனையில் அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். "வருஷத்துக்கு ஒரு தடவைன்னா பரவால்லக்கா. முன்னாடியே சொல்லிடுங்க. வீட்டுக்கு வந்துடுங்க. கால் மணி நேரம்."

அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தேதியில், பிற்பகல் நான்கு மணிக்கு, அவளும் மகளும் அவர் வீட்டுக்குப் போகிறார்கள். அவர் மனைவி முன்னறையில் ஒரு துண்டும் ஒரு செம்பு தண்ணீரும் எடுத்து வைத்திருப்பாள். அவள் காகிதத்தை நாள்காட்டிக்குப் பக்கத்தில் குத்துவாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கணவனுக்காக அழுவார். முதல் சில ஆண்டு பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், பிறகு அவர்கள் அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். அவர் அழுகைக்கு நடுவில் சொல்வதை எல்லாம் மகள் கவனமாகக் கேட்டுக்கொள்வாள், அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தவற்றில் பாதி அப்படித் தெரிந்தவை. அவர் வேறு நிறுவனத்துக்கு மாறிய பிறகும் இதில் மாற்றமில்லை, முதலெழுத்து அவருடையதுதானே. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். நாத்தனாருக்கும் விஷயம் எட்டி, ஓர் ஆண்டு தானாக வந்து, வாசலோரம் நின்று பார்த்துவிட்டு, "என் தம்பிக்காக இவராச்சும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். கால் மணி நேரம் முடிந்ததும் அவள் ஊசியை எடுப்பாள். அவர் முகம் கழுவிக்கொண்டு வருவார். எல்லோரும் தேநீர் குடிப்பார்கள்.

போன ஆண்டு தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர், பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், வீட்டில் இப்போது யாருக்கும் பயமில்லை, வேண்டுமானால் நேரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்றார். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். உங்களுக்குச் சிரமம் இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றார். இந்த ஆண்டிலிருந்து இருபது நிமிடம்.